நிழல் விலகிய பன்னிரண்டு பேர்

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, வடுகம்பேட்டை தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கிற பெரிய வேப்ப மரத்தடியில், பட்டா மாறுதலுக்காக வரிசையில் நின்ற நாற்பது பேர் மேலும் நிழல் விழுந்துகொண்டிருக்க, எங்கள் சங்கத் தலைவர் ராயப்பன் மேல் மட்டும் வெயில் அடித்தது. கிளைக்கு நடுவே இருந்த சந்து வழியாக வந்த வெயில் இல்லை அது. அவர் இரண்டடி தள்ளி நின்றால் அதுவும் இரண்டடி தள்ளி வந்தது, அவர் குனிந்தால் குனிந்தது, அவர் தொப்பைக்கும் வழுக்கைக்கும் கையில் வைத்திருந்த மஞ்சள் பைக்கும் அளவெடுத்து வெட்டியது மாதிரி அந்த மரத்து நிழலில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பெண், "சார், செத்த தள்ளி நில்லுங்க, கண்ணு கூசுது" என்றாள், அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

அதே நேரத்தில் நான் என் இரும்புக்கடை வாசலில், புங்க மரத்தடியில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மடியில் விரித்திருந்த பேப்பர் திடீரென்று வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அண்ணாந்து பார்த்தேன், மரம் இலை அடர்ந்து நன்றாகத்தான் இருந்தது, அந்த அடர்த்தியைத் தாண்டி வெயில் வந்து என்னை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். எதிர்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "என்ன சோலைராஜ் அண்ணே, வேண்டுதலா?" என்று கேட்டார்.

பொழுது சாய்வதற்குள் யார் யாருக்கு இப்படி ஆனது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அன்று ஊருக்குத் தெரிந்தது பதினோரு பேர். பதினோரு பேரும் எங்கள் விடியல் நடைச் சங்கத்து உறுப்பினர்கள். எனக்கே அப்போது தெரியாத பன்னிரண்டாவது ஆள் யார் என்பதை நான் இந்தக் கதையில் கொஞ்சம் தள்ளித்தான் சொல்ல முடியும், இப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரைக்குப் பைபாஸ் ரோட்டில் கை வீசி நடப்போம், நடந்து முடித்துப் போண்டா சாப்பிடுவோம், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் தாம்பூலப் பையோடு ஒரு மரக்கன்று கொடுப்போம். ஊரில் மரத்தைப் பற்றிப் பேச யாராவது வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ராயப்பனைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் மரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் கண் கலங்கப் பேசுவார். வருஷத்துக்கு ஒரு முறை தை மாதம் மேலக்கோம்பை மலைக்கு ஏறி, காட்டுக்குள் இருக்கிற ஒரு வெட்டவெளியில் கூடாரம் அடித்து ஒரு நாள் தங்கி வருவோம். அங்கே ஒரு நாவல் மரம் நின்றது. அஞ்சு பேர் கை கோத்தால்தான் அதைச் சுற்றிப் பிடிக்க முடியும், அதன் அடியில் நின்றால் மத்தியானத்திலும் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிக்கொள்ளத் தோன்றும், அப்படி ஒரு குளிர்ச்சி.

அந்த மரத்தில் நாங்கள் வருஷா வருஷம் ஒரு தகரப் பலகை அடித்தோம். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பச்சை எழுத்தில் எழுதி, கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரெல்லாம் போட்டு, நான்கு மூலையிலும் நான்கு அங்குல ஆணி வைத்து அடிப்போம். ஒன்பது வருஷத்தில் ஒன்பது பலகை. ஆணி எல்லாம் என் கடை ஆணி, நானே தரம் பார்த்து எடுத்துப்போவேன், துருப்பிடிக்காத நல்ல ஆணி. மரத்தில் அறைந்தால் மரத்துக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பதினோரு பேர் வரிசையாக நின்று, சுத்தியல் விழ விழக் கை தட்டினோம்.

இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தோம். மழை வந்தால் கூடாரத்துக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று சுற்றி வாய்க்கால் வெட்டினோம், மண்வெட்டியில் சிக்கின வேரை எல்லாம் வெட்டித் தள்ளினோம், விறகு ஈரமாக இருந்ததால் நாவல் பட்டையை உரித்து எரிய விட்டோம், காற்று விசிறியதால் மரத்தையே மறைப்பாக வைத்து அடிமரத்தை ஒட்டித் தீ மூட்டிக் கோழி வாட்டினோம். அடிமரத்தில் ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. தீ அதற்குள் நாக்கை நீட்டியதை நான் பார்த்தேன். "உள்ள போகுதே சார்" என்று ராயப்பனிடம் சொன்னேன். "பச்சை மரம் எரியாது சோலை" என்றார் அவர். காலையில் மிச்சமிருந்த ரசத்தையும் அரைக் குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, பாட்டு பாடிக்கொண்டே இறங்கி வந்தோம்.

வந்து பதினெட்டாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

எங்கள் ஊர் எதையும் செரித்துவிடுகிற ஊர். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் ஜோசியம் பார்த்தார்கள், ஒரு வாரத்தில் அது எங்கள் ஊரின் வழக்கமான விஷயங்களில் ஒன்றாகிவிட்டது. புளிய மரத்தடி டீக்கடைக்காரர் எங்களுக்கென்று தனியாக ஒரு பெஞ்சை ஓரத்தில் போட்டு, மேலே பழைய பிளெக்ஸ் ஒன்றைக் கட்டிவிட்டார், ஏனென்றால் பிளெக்ஸ் நிழலும் சுவர் நிழலும் குடை நிழலும் எங்களை விட்டுப் போகவில்லை, மரத்தின் நிழல் மட்டும்தான் போயிருந்தது. மரத்தின் நிழல் என்றால் மரத்திலிருந்து வந்த எதன் நிழலும் என்பது தெரிய இன்னும் சில நாள் ஆனது. பொருளாளரின் தங்கை மகள் கல்யாணத்தில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் மாமன் முறைக்குச் சீர் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வர, கீற்றைத் துளைத்துக்கொண்டு வெயிலும் கூடவே மணமேடை வரைக்கும் வந்தது, போட்டோ எடுத்தவர் "அண்ணே, அப்படியே பொண்ணு பக்கத்துல நில்லுங்க, லைட்டு நல்லா விழுது" என்று அவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகப் பொருத்தத்தோடு மாப்பிள்ளையை ஒரு மரத்தடியில் நிறுத்திப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் மேலே இன்னும் சிலர் பிடிபட்டார்கள். கடைப் பலகையை மறைக்கிறது என்று முன்னால் நின்ற வாகை மரத்தின் வேரில் ஆசிட் ஊற்றிய ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், மூன்று வருஷமாக மரம் தானாகப் பட்டுப்போனது என்று சொல்லிவந்தவர், ஒரு சாவு வீட்டில் முருங்கை மரத்தடியில் துக்கம் கேட்டுக்கொண்டு நிற்கும்போது பளிச்சென்று தெரிந்துபோனார். தேர்தலில் நிற்கிறவர்கள் மரம் இல்லாத தெருவாகப் பார்த்து ஓட்டுக் கேட்டார்கள். வெயிலில் தெரிகிறவன் என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதும் வழக்கத்துக்கு வந்தது. நான் கடையில் ஆணிக்குப் பக்கத்தில் குடையும் தொங்கவிட்டேன், நன்றாக விற்றது, எனக்கே நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருகிறவரைக்கும்.

என் மகள் வெண்மதிக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அவள் பள்ளியில் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டை ஒரு அரச மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தலைமையாசிரியை லூர்துமேரி என்னைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கமாகக் கையைக் காட்டினார். வட்டத்தில் ஐம்பது பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பிள்ளை மட்டும் வெயிலில் இருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலை குனிந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவள் டிபன் பாக்ஸ் கண்ணாடி மாதிரி மின்னியது.

"எத்தனை நாளா மிஸ்?" என்றேன்.

"அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அழுதா, அதான் பொறுத்துப் பார்த்தேன். நீங்க மலைக்குப் போனப்ப இவளையும் கூட்டிட்டுப் போனீங்களா?"

கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் பிறந்த நாள் அந்த வாரம் வந்தது. பெரிய நாவலுக்குப் பத்தடி தள்ளி, அதன் விதையிலிருந்து முளைத்த இளமரம் ஒன்று, என் தொடைப் பருமன் இருக்கும், நேராக நின்றது, அவளுடைய சின்னக் கூடாரத்தின் கயிற்றை அதில்தான் கட்டியிருந்தேன். சாயங்காலம் கத்தியை எடுத்து, "வா, உன் பேரை எழுதி வைப்போம், நீ கிழவி ஆனாலும் இருக்கும்" என்று கூப்பிட்டேன். "வேண்டாம்ப்பா" என்றாள். "அட, வா" என்றேன். "எனக்குப் பிடிக்கலப்பா" என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறந்த நாள் பிள்ளை முரண்டு பிடித்தால் எனக்குத்தானே குறைச்சல் என்று நினைத்து, கத்தியை அவள் கையில் வைத்து, அவள் கைக்கு மேல் என் கையை வைத்து அழுத்தி எழுதினேன். வெண்மதி. நான்கு எழுத்து. பட்டை உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, ஈரமாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இதைத்தான் நான் தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்க வேண்டும். வராந்தாவில் இரண்டு ஆசிரியர்கள் நின்றார்கள், ஒரு பிள்ளையின் அப்பா ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார், சாப்பிட்டு முடித்த வெண்மதியும் வாசலில் வந்து நின்றாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளைதான மிஸ், நாங்க கவனிக்காதப்ப விளையாட்டா மரத்துல கிறுக்கிட்டா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். லூர்துமேரி டீச்சர் குனிந்து, "அப்படிச் செய்யலாமா வெண்மதி?" என்று கேட்டதற்கு, "இனிமே செய்ய மாட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

அன்று முதல் நான் அதையே எல்லாரிடமும் சொன்னேன். சங்கத்தில் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், கையைப் பிடித்து எழுதியதைக் கண்ணால் பார்த்த பத்துப் பேரும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள், ஏனென்றால் அவர்களும் கை தட்டியவர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வெயிலு என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக் கொல்லையில் கொய்யா மரத்தடியில் கிடந்து படிக்கிற பிள்ளை, கொல்லைக் கதவைத் திறப்பதையே விட்டாள். என்னிடம் பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட வாங்கப்பா என்று கூப்பிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் மனைவி ஈஸ்வரி ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "அவளா வெட்டுனா?"

"பின்ன?"

"கத்தியப் பார்த்தாலே ஒதுங்கிப் போற பிள்ளைங்க அது. வெங்காயம் நறுக்கச் சொன்னா ஓடுவா." பிசைந்த கையோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

பங்குனியில் வெயில் ஏற ஏற, சங்கத்துக்காரர்களுக்கும் தாங்கவில்லை. ராயப்பன் கூட்டம் போட்டார். மலைக்குப் போய் மரத்திடம் முறையாக மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவானது. எங்களுக்கு முறையாக என்றால் என்னவென்று தெரியும்: மாலை, தேங்காய் பழம், தலைவர் உரை, பிறகு ஒரு பேனர். 'தாயே, உன் பிள்ளைகளை மன்னித்துவிடு. இவண், விடியல் நடைச் சங்கம்' என்று பத்தடிக்கு எட்டடியில் பன்னிரண்டு பேர் போட்டோவும் போட்டு அச்சடித்தார்கள். வெண்மதியின் போட்டோவை நான்தான் கொடுத்தேன். அதோடு, சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் சொல்லிவிடுகிறேன், பேனரை மாட்ட வேண்டுமே என்று கடையிலிருந்து எட்டு ஆணியும் ஒரு சுத்தியலும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேரும் மேலக்கோம்பையில் ஏறினோம். காட்டுக்குள் நுழைந்ததும் குடைகளை விரித்துக்கொண்டோம். அடர்ந்த சோலைக்குள், வெயிலே தரையைப் பார்த்திராத இடத்தில், பன்னிரண்டு துண்டு வெயில் வரிசையாக மலையேறியது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகக்கூட இருந்திருக்கும்.

வெட்டவெளிக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டோம். நாவல் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அடிமரம் கரிந்து, பொந்து இப்போது ஆள் நுழைகிற வாசலாகியிருந்தது, உச்சிக் கிளை வரைக்கும் பட்டை வெடித்துத் தொங்கியது. ஒன்பது பலகைகளும் அதன் மேல் பச்சை எழுத்தோடு அப்படியே இருந்தன. ஆனால் கீழே, தரையில், அதன் நிழல் மட்டும் முழுசாகக் கிடந்தது. இலையும் கிளையுமாக, தை மாதம் நாங்கள் பார்த்த அதே நிழல், காற்றில்லாத நேரத்திலும் மெல்ல அசைந்துகொண்டு, குளுகுளுவென்று கிடந்தது. அந்த நிழலுக்கு நடுவே மனிதர்கள் மல்லாந்தும் ஒருக்களித்தும் படுத்த வடிவத்தில் பதினோரு வெளிச்சங்கள் இருந்தன, அன்றைக்குத் தீயைச் சுற்றி யார் எங்கே எப்படிப் படுத்திருந்தார்களோ அப்படியே. என்னுடையதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன், காலை மடக்கிப் படுப்பது என் பழக்கம்.

அங்கே ஒரு பெண் கரிந்த வேரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். காட்டில் தீ வராமல் காவல் பார்க்கிற வேலை அவளுக்கு, மொக்கத்தாயி என்று பெயர், ஐம்பது வயசு இருக்கும், அவள் மேல் நிழல் தடிமனாக விழுந்திருந்தது. எங்களையும் எங்கள் குடைகளையும் பார்த்துவிட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டீங்களா? போன மாசம் வேற ஒரு கூட்டம் வந்து, அந்தா அந்தத் தான்றி மரத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போச்சு. அதுக்கு முந்தி ஒரு கூட்டம். அழுதுட்டு, குடிச்ச தண்ணிப் பாட்டிலை இங்கனயே போட்டுட்டுப் போறாங்க."

ராயப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, நாங்கள் அறியாமல்..." என்று ஆரம்பித்தார்.

"மூணு நாளுய்யா" என்றாள் மொக்கத்தாயி. "நீங்க எறங்கிப் போனதுக்கப்புறம் மூணு நாளு உள்ளுக்குள்ளயே கங்கு கெடந்து தின்னுச்சு. ஓடையில இருந்து கொடங்கொடமாக் கொண்டாந்து ஊத்துனேன். மேல பொகை வர்றது நின்னா கீழ வரும், கீழ நின்னா மேல வரும். ஒத்தப் பொம்பள எம்புட்டு ஊத்துவேன்? பதினெட்டு நாளு தாக்குப்பிடிச்சுட்டு ஒரு திங்கக்கெழம காலையில இலைய மொத்தமா உதுத்துருச்சு." வெற்றிலையைத் துப்பினாள். "இப்ப என்ன, பேனரா? எதுல மாட்டப் போறீங்க?"

என் பையில் ஆணிகள் கலகலத்தன. அது எல்லாருக்கும் கேட்கும் போலிருந்தது, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எங்களில் சிலர் குடையை மடக்கி வைத்துவிட்டு, தங்கள் தங்கள் வெளிச்சத்தில் போய் அன்று படுத்த மாதிரியே படுத்துப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. நிழல் மூடவில்லை. ராயப்பன் தன் வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு, எழுதிக் கொண்டுவந்த உரையை வாசிக்க முயன்று, முதல் வரியிலேயே நிறுத்தி, காகிதத்தை முகத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"செத்ததுகிட்ட மன்னிப்புக் கேட்டா அது எங்கிட்டுக் குடுக்கும்?" என்றாள் மொக்கத்தாயி. அப்போதுதான் அவள் வெண்மதியைக் கவனித்தாள். பிள்ளை ஒதுங்கிப் போய் அந்த இளமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அந்த மரம் உயிரோடு இருந்தது, துளிர்விட்டிருந்தது. அதன் சின்ன நிழலிலும் அவளுக்கு இடம் இல்லை. பட்டையில் நான்கு எழுத்தும் பழுத்துப்போய்ப் பிசின் கட்டி நின்றன. மொக்கத்தாயி எழுந்து போய் அதை விரலால் தடவினாள்.

"இது பொழைச்சுக்கிடும். ஓரம் கட்டியிருக்கு பாரு, கொஞ்சங்கொஞ்சமா மூடிக்கிடும். பெருசுதான் போச்சு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "பிள்ளை பேரை எவன் வெட்டுனது?"

ராயப்பன் காகிதத்தை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, "சின்னப் பிள்ளை, விளையாட்டா..." என்றார். நான் சொல்லிக் கொடுத்த வாசகம், அட்சரம் பிசகாமல் சொன்னார். எல்லாரும் வெண்மதியைப் பார்த்தார்கள். வெண்மதி தரையைப் பார்த்தாள். "இனிமே செய்ய மாட்டேன்" என்று அவள் உதடு அசைய ஆரம்பித்ததை நான் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் சொன்னது மாதிரியே இங்கேயும் சொல்லப் போகிறாள், கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லி அது அவளுக்குப் பழகிவிட்டது.

என் குரல் கடை வாசலில் கத்தினால் குடோனில் கேட்கும். அன்றைக்கு அது வெளியே வர மாட்டேன் என்றது. "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நான்தாம்மா வெட்டுனேன். பிள்ளை வேண்டாம்னுச்சு. கையப் பிடிச்சு அழுத்தி எழுதுனேன். ஊரெல்லாம் அவ செஞ்சான்னு சொன்னேன்."

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. முகம் சிவந்து, வெறுப்பா கோபமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வையோடு என்னைப் பார்த்துவிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்து நின்ற இடத்திலேயே நின்றேன். நிழலும் அவளைத் தொடவில்லை.

பேனரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். மறுநாள் காலை பள்ளிக்கூடப் பிரார்த்தனையில், லூர்துமேரி டீச்சரிடம் அனுமதி கேட்டு, அரச மரத்தடியில், அவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால், என் மேல் வெயில் அடிக்க அடிக்க இதையே இன்னொரு முறை சொன்னேன். மலையில் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. ஈஸ்வரியிடம் சொன்னது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள், ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு நான் மலைக்குப் போனேன். ஆணி பிடுங்குகிற கொண்டியை எடுத்துக்கொண்டு போய், மொக்கத்தாயி பார்த்துக்கொண்டிருக்க, பலகை பலகையாகக் கழற்றினேன். ஆணி அடிப்பது ஒரு நிமிஷ வேலை. செத்த நாவல் கட்டை ஆணியைக் கவ்விக்கொண்டு விடாது, நாள் முழுக்க இழுத்தால் ஒன்றுதான் வரும். மற்ற நாட்களில் ஊருக்குள் மரத்துக்கு மரம் போனேன். டியூஷன் பலகை, மூலக்கடுப்புக்கு மருந்துப் பலகை, வீடு வாடகைக்குப் பலகை, கட்சிப் பலகை, கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். என் கடை ஆணியை எனக்குத் தலையைப் பார்த்தாலே தெரியும். பாதிக்கு மேல் என் கடை ஆணி. ஊர் இதையும் செரித்துக்கொண்டது, யார் வீட்டு மரத்திலாவது ஆணி இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரை எதிர்பார்ப்பது மாதிரி என்னை எதிர்பார்த்தார்கள். சங்கம் கலைந்துவிட்டது. ராயப்பன் எங்கேயும் பேசப் போவதில்லை, சுவர் ஓரமாகவே நடந்து பழகிக்கொண்டார்.

இளமரத்தில் முதல் எழுத்து அடுத்த ஐப்பசி மழைக்கு மூடியது. அன்றைக்கு அரச மரத்தடியில் வெண்மதியின் இடது தோளில் ஒரு கை அகலத்துக்கு நிழல் விழுந்ததாக லூர்துமேரி டீச்சர் போன் செய்தார், பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். இரண்டாவது எழுத்துக்கு ஒரு வருஷம் ஆனது. மூன்றாவது சீக்கிரம் மூடியது. இதற்குள் அவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் நான் ஏதாவது சொன்னால், உண்மையா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். அந்த ஒரு கணத்தை நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

மூன்றாவது வருஷம் மாசியில், "நானும் வரேன்ப்பா" என்று அவளாகவே கிளம்பினாள். வயது பதினான்கு, என் தோளுக்கு வந்துவிட்டாள். இளமரம் என் இடுப்பு அளவு பருத்திருந்தது. நான்காவது எழுத்து இருந்த இடத்தில் பட்டை தழும்பாகக் கூடி, அங்கே பெயர் இருந்தது தெரியாமல் ஆகியிருந்தது. அவள் அதன் அடியில் போய் நின்றாள். தலையில், தோளில், கையில், காலில் நிழல் விழுந்தது. ஓர் இடம் விடாமல் விழுந்தது. அவள் கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மொக்கத்தாயி, "போதும் நில்லு, ஈரமா இருக்கு, சளி பிடிக்கும்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய் நிற்கவில்லை. போனாலும் நிழல் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய நாவலில் ஒரே ஓர் ஆணிதான் பாக்கி இருந்தது, முதல் வருஷத்து முதல் பலகையின் ஆணி, தலை உடைந்து உள்ளே போயிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து உளியால் சுற்றிலும் நோண்டிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில் தலைக்கு நேராக இருந்து சரியத் தொடங்கியிருந்தது, வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

திடீரென்று எரிச்சல் குறைந்தது. கைக்கு மேல், உளிக்கு மேல், ஆணிக்கு மேல் நிழல் விழுந்திருந்தது. ஒரு மரத்தடியில், மூன்று வருஷத்தில் முதல் முறையாக. மரம்தானோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். பிறகு அந்த நிழலில் இரட்டைச் சடை தெரிந்தது.

அவள் மரத்தடியை விட்டு வந்து, சூரியனுக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"வெயில்ல நிக்காதம்மா. நிழலுக்குப் போ."

"பரவால்லப்பா."

"இப்பத்தானம்மா உனக்குக் கெடச்சுது. போ."

"சும்மா ஆணியப் பிடுங்குங்கப்பா" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் நிழலுக்குள் குனிந்து உட்கார்ந்து, நான் அடித்த ஆணியை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.